மணிக்கயிற்றில் மாட்டிய பை

நம் பள்ளி வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இதைச் சமையலறையில் நின்றபடி படிப்பீர்கள். மற்றவர்கள் என்னைப் போல ஏதோ ஓர் அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் படிப்பீர்கள். எங்கே இருந்தாலும், இன்று காலை ஏறிய பஸ்ஸை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே இரண்டு சாமான்கள் இருந்திருக்கும். கூரையை ஒட்டி, வளையங்களுக்குள் நுழைந்து ஓடும் மணிக்கயிறு ஒன்று. அதற்குக் கீழே, நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் குழாய். இரண்டும் ஒருசேரப் பிறந்தவை என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடைக்காலம் வரை கயிறு மட்டும்தான் இருந்தது, அதுவும் கைக்கு எட்டுகிற உயரத்தில். அந்தக் கயிற்றால் நான் போர்டிங்குக்குப் போக இருந்தேன்.

என் அப்பா பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிற பட்டறை ஒன்றில் வரைபடம் வரைகிறவர். இஞ்சினும் சட்டமும் சக்கரங்களும் வேறு எங்கிருந்தோ வரும். அதன்மேல் மரமும் தகரமும் வைத்து, கூரை போட்டு, ஜன்னல் வெட்டி, இருக்கை பொருத்தி அனுப்புவது இந்தப் பட்டறையின் வேலை. அதுவரை மைசூரில் ஓடிய பஸ்களை இரண்டு சாதி என்று சொல்லலாம். ஊருக்குள் ஓடுவது ஒன்று. அதற்கு நிற்க இடம் உண்டு, மணிக்கயிறு உண்டு, மூட்டை வைக்க இடம் கிடையாது. வெளியூர் போவது இன்னொன்று. அதற்கு முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் ஏணி, கூரையில் மூட்டைக்குக் கம்பி வேலி. கண்டக்டர் விசில் ஊதுவார், அல்லது தகரத்தில் கையால் தட்டுவார்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எதையும் புதிதாகச் செய்துபார்க்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. பட்டறைக்கும் அந்த எண்ணம் வந்தது. ஊருக்குள்ளும் ஓட வேண்டும், வெளியூருக்கும் ஓட வேண்டும், ஒரே அச்சு, ஒரே உடம்பு. அதை வரையும் பொறுப்பு அப்பாவுக்குக் கிடைத்தது.

அவர் முதலில் அதை மரத்தில் செய்துபார்த்தார். பெட்டி உடைத்த தேவதாரு மரத்தில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டி பஸ். மூக்கு இல்லை. இஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது. கூரை ரொட்டி போல வழவழப்பாக வளைந்திருந்தது. ஜன்னல்களை ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்திருந்தார். உள்ளே அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்பு நூல் ஒன்று பின்னாலிருந்து முன்னால் வரை போனது. அதுதான் மணிக்கயிறு. எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்கும் வேதாகமத்துக்கும் நடுவே அந்த பஸ் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றது. கோந்து வாசனையும் எலுமிச்சை ஊறுகாய் வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இப்போதும் அந்த மேஜைதான் கண்ணில் தெரிகிறது.

"கயிறு ஏன் இவ்ளோ கீழே?" என்று அம்மா கேட்டாள்.

"கண்டக்டர் குள்ளமா இருந்தா?" என்றார் அப்பா. "எட்டணும் இல்ல?"

அம்மா நர்ஸ். அதிகம் பேசமாட்டாள். "சரி" என்று சொல்லிவிட்டு நூல்கண்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் கோடை தொடங்குவதற்குச் சற்று முன்னால் அம்மாவுக்கு மாற்றல் வந்தது. குண்டலுபேட்டை ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ்களுக்கென்று ஓர் அறை உண்டு, நாலைந்து பேர் சேர்ந்து இருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி இல்லை. அப்பா விடிந்ததும் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

"தினம் போயிட்டு வந்துடேன்" என்றார் அப்பா.

"எதுல? மூக்கு வண்டி இங்க கெளம்பறதே ஒம்போதுக்கு மேல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு காபி குடிச்சிருப்பார்."

"அப்போ இவள?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மறுவாரம் பச்சை நிற டிரங்குப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. பள்ளி போர்டிங்கில் எனக்குக் கொடுத்த எண்ணை அப்பா வெள்ளைப் பெயிண்டால் அதன்மேல் எழுதினார். வரைபடத்தில் எழுதுவது போலவே, அளவுகோல் வைத்து, ஒரே உயரத்தில். அவ்வளவு அழகாக எழுதியதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. மரத்தில் செய்த பஸ் தகரத்தில் பிறந்து, ஊருக்குள் சில வாரம் ஓடி, குறையொன்றும் இல்லை என்று பேர் வாங்கியது. அடுத்தது வெளியூர்ச் சோதனை. அதற்குத் தேர்ந்தெடுத்த தடம் நஞ்சன்கூடு வழியாகக் குண்டலுபேட்டை, விடியற்காலையில் புறப்பாடு, சாயங்காலம் திரும்புதல். கோடை முடியும் வரை சோதனை. நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தால் அந்த வண்டி அந்தத் தடத்திலேயே நிற்கும். இல்லையென்றால் திரும்ப ஊருக்குள் போய்விடும்.

அம்மா ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டாள். பகல் டியூட்டிக்குத் தினமும் வந்துபோகலாம், ஆனால் அந்த பஸ் நிலைக்கிற வரைதான், அதுவும் தாமதமாகாமல் வந்தால்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, பஸ் நேரத்துக்கு ஓடினால் நான் வீட்டில். ஓடாவிட்டால் பச்சைப் பெட்டியோடு போர்டிங்கில். எனக்கு அப்போது கணக்கு சரியாக வராது. ஆனால் இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தது.

கோடை விடுமுறை என்பதால் அம்மா சில நாட்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். விடியற்காலை, டீசல் வாசனை, புதுப் பெயிண்ட் வாசனை, ஜன்னல் கம்பியின் குளிர்ச்சி. எங்களோடு தினமும் ஏறுகிறவர்களில் ஒருத்தி வெற்றிலைக்கார அம்மா. கொள்ளேகாலப் பக்கத்துக்காரி, மைசூரில் குடியிருந்தாள். மைசூர் வெற்றிலையைக் குண்டலுபேட்டையில் விற்றுவிட்டுச் சாயங்காலம் இதே பஸ்ஸில் திரும்புவாள். கூடையைப் பின்னால் வைத்துவிடுவாள். ஆனால் சுண்ணாம்பு டப்பா, பாக்குப் பொட்டலம், மதியச் சோறு எல்லாம் இருக்கிற துணிப்பை ஒன்று அவளிடம் உண்டு. அதை எங்கே வைப்பது? கூரையில் வேலி இல்லை. இருக்கைக்கு அடியில் காலடி மண். மடியில் பேரப்பிள்ளை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நல்ல கயிறு ஒன்று கட்டியிருந்தது.

"இதென்னுங்க சிஸ்டர், நம்ம மாதிரி ஆளுங்க கஷ்டம் தெரிஞ்ச மகராசன் ஆரோ கட்டியிருக்கறான்" என்று சொல்லி, பையை அதில் மாட்டினாள்.

டிங்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு முறை இழுத்தார். வண்டி கிளம்பியது.

அவள் மாட்டியதைப் பார்த்து மற்றவர்களும் மாட்டத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் அந்தக் கயிற்றில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்: தலைப்பாகைத் துண்டுகள், வெல்லம் கட்டிய துணி, நஞ்சன்கூட்டில் ஏறும் வாழைப்பழச் சீப்பு, மாதேஸ்வரன் மலைக்குப் போய்வந்தவரின் பிரசாதப் பை, ஒரு லாந்தர், ஒரு குழந்தையின் ஈரச் சட்டை. இலேசானவை ஒன்றும் செய்யாது. கனமானவை மாட்டும்போது ஒரு டிங். எடுக்கும்போது கயிறு துள்ளி இன்னொரு டிங். ஒருநாள் கால்களைக் கட்டிய கோழி ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். அது சிறகடித்துக்கொண்டே வந்தது. டிரைவருக்கு நில்லென்றும் போவென்றும் நில்லென்றும் மாறி மாறி உத்தரவு போனது.

டிரைவர் இறங்கிப் பின்னால் வந்தார். "ஏனப்பா, ஆட்டம் ஆடறியா? மணி இருக்குன்னு விளையாடறியா?"

"நான் இழுக்கல கணோ" என்றார் கண்டக்டர், பாதிக் கன்னடத்தில். "டிக்கெட் கிழிக்கறதுக்கே கை ரெண்டு பத்தல."

"அப்போ கோழியா இழுத்துச்சு?"

"நோடு, நீயே பாரு, அதான் இழுத்துச்சு."

டிரைவர் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து கண்டக்டரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

பஸ் தினமும் தாமதமானது. அம்மா இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள். வெள்ளைச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பாராம், ஒன்றும் சொல்லமாட்டாராம். "திட்டினாக்கூட தேவல" என்று அம்மா சொன்னாள்.

நடந்ததை நான் அப்பாவிடம் சொல்லத்தான் செய்தேன். "கயித்துல பை மாட்டறாங்கப்பா, அதான் மணி அடிக்குது."

அப்பா சிரித்தார். "மணிக்கயித்துல யாராச்சும் பை மாட்டுவாங்களா? சும்னே கதை விடாத. தெரியாம இழுக்கறாங்க. பழக்கம் இல்லாத ஜனம்."

மரத்தில் செய்த பஸ்ஸின் நூலில் என் பொம்மையின் பையை மாட்டிக் காட்டினேன். பொம்மையின் பையில் கனமில்லை. நூல் அசையவே இல்லை. "பாத்தியா?" என்றார் அவர், அன்போடுதான்.

பட்டறையிலும் அதையேதான் நினைத்தார்கள். அதனால் பஸ்ஸுக்குள் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பது என்று முடிவானது. எழுத்தை அப்பாவே எழுதினார், டிரங்குப் பெட்டியில் எழுதிய அதே தூரிகையால். கன்னடத்தில் ஒரு வரி, எல்லைப் பக்கம் போகும் வண்டி என்பதால் கீழே தமிழில் ஒரு வரி: கயிற்றை இழுக்கக் கூடாது.

மறுநாள் வெற்றிலைக்கார அம்மா பலகையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் கேட்டாள். "என்னுங்க எழுதியிருக்குது?"

"கயிறு இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, அம்மா."

"அது செரிதானுங்க" என்றாள் அவள். "இழுத்தா அந்துபோகும். அவனவன் பொருளு கீழ விழுந்துரும்." பிறகு திரும்பி, பின்னால் இருந்தவர்களுக்கும் சொன்னாள்: "ஆரும் இழுக்காதீங்கோ. பதனமா மாட்டுங்கோ."

எல்லோரும் பதனமாக மாட்டினார்கள்.

கோடை முடிய அதிக நாள் இல்லாதபோது அப்பாவே ஒருநாள் வண்டியில் வருவது என்று தீர்மானித்தார். எந்த இருக்கைக்காரர் இழுக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் திட்டம். இருக்கைகளின் படம் ஒன்று வரைந்து கொண்டுவந்தார். ஒரு கையில் அந்தக் காகிதம் வைத்த அட்டை. மறு கையில் பென்சில். கக்கத்தில் குடை. குடையின் கைப்பிடியில் அம்மா கொடுத்த சாப்பாட்டுப் பை.

ஊர் எல்லை தாண்டியதும், கயிற்றில் இன்னும் யாரும் எதையும் மாட்டாதபோதே, பென்சில் முனை ஒடிந்தது. சீவ வேண்டும், இரண்டு கை வேண்டும். அவர் இங்கும் அங்கும் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். வளைந்த கைப்பிடியுள்ள அந்தக் குடையை, சாப்பாட்டுப் பையோடு சேர்த்து, தான் வரைந்த கயிற்றில் மாட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் தோள் குலுங்கியது.

டிங். வண்டி நின்றது.

அப்பா உடனே எழுந்தார். "இதோ, இழுத்துட்டாங்க. யாரு? யாரும் அசையாதீங்க, யாரு இழுத்தது?"

யாரும் அசையவில்லை. எல்லோரும் அவருடைய தலைக்கு மேலே பார்த்தார்கள்.

"சார்" என்றார் கண்டக்டர், மிகவும் மரியாதையாக. "அந்த சத்ரி யாருது?"

அப்பா மேலே பார்த்தார். குடை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் தம் இருக்கையிலிருந்து திரும்பி, முதலில் குடையைப் பார்த்தார், பிறகு கண்டக்டரைப் பார்த்தார். பல வாரங்களாகப் பேசாமல் இருந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவால்லீங்க, மாட்டுங்க சார்" என்று வெற்றிலைக்கார அம்மா சமாதானம் சொன்னாள். "இழுக்காம இருந்தா செரி."

அப்பா குடையை எடுத்தார். டிங். திரும்ப மாட்டினார். டிங். மூன்றாம் முறை விரலால் கயிற்றை அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து இருக்கைப் படத்தைத் திருப்பிப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் ஏதோ வரையத் தொடங்கினார். குண்டலுபேட்டை வரும்வரை நிமிரவே இல்லை. இறங்கும்போது மட்டும் என்னிடம் கேட்டார்.

"இவங்க எல்லாரும் கையில எத்தனை சாமான் கொண்டுவர்றாங்க, தினமும்?"

நான் பட்டியலை ஒப்பித்தேன். கோழி உட்பட. அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். இன்று நானும் அதே வேலை செய்கிறேன், அதனால் எனக்கு இப்போது தெரிகிறது. அவர் பிரயாணிகள் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்திருந்தார், நிற்க எவ்வளவு என்று பார்த்திருந்தார், கால் நீட்ட எவ்வளவு என்று பார்த்திருந்தார். அவர்களுடைய கைகள் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். ஊருக்குள் ஓடியபோது அது உண்மையாகவும் இருந்தது.

அவர் செய்த மாற்றம் சின்னதுதான். கயிற்றைக் கூரைக்கே ஏற்றி, வளையங்களுக்குள் விட்டார். கயிறு இருந்த இடத்தில் இரும்புக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். அதில் கொக்கி வைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்களாம். ஊருக்குள் ஓடும்போது நிற்பவர் தலையில் இடிக்கும் என்று அப்பா மறுத்துவிட்டார். வெறும் குழாய். ஊருக்குள் கைப்பிடி, ஊரைத் தாண்டினால் பை மாட்ட. மேஜையில் இருந்த மர பஸ்ஸிலும் அதே மாற்றம் செய்தார். நூலை மேலே ஏற்றிவிட்டு, அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றை நிமிர்த்திக் குழாயாக வைத்தார். அந்த மர பஸ் பின்னால் வீடு மாறியபோது கரையானுக்குப் போய்விட்டது. ஊசி மட்டும் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

பழைய பலகையை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள்.

குழாய் வந்த முதல் நாள் வெற்றிலைக்கார அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். "இரும்பாவே போட்டுட்டாங்களா? அட, எதுக்குங்க இவ்ளோ செலவு." கண்டக்டர் அவளுக்குக் கூரையிலிருந்த கயிற்றைக் காட்டி, இத்தனை நாள் மாட்டியது மணிக்கயிறு, அதில் கனம் விழுந்தால் வண்டி நிற்கும் என்று விளக்கினார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடப்பாவமே, அதுனாலயா சிஸ்டர் தெனமும் ஓடறாங்க?" பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். மடியிலிருந்து நல்ல தளிராக நாலு வெற்றிலை எடுத்து, அம்மா வெற்றிலை போடமாட்டாள் என்று தெரிந்தும், அவள் கையில் வைத்தாள்.

அதன்பிறகு டிங் என்றால் நிறுத்தம் மட்டும்தான். வண்டி நேரத்துக்குப் போனது. சில நாள் முன்னாலேயே போய், டாக்டருக்கு முன்னால் அம்மா வார்டில் நின்றாள்.

சோதனையின் கடைசி நாள் சாயங்காலம் நானும் அப்பாவும் எங்கள் தெரு முனையில், நஞ்சன்கூடு சாலை ஓரத்தில் நின்றோம். அங்கே நிறுத்தம் கிடையாது. பஸ் எங்களைத் தாண்டி நேராக ஸ்டாண்டுக்குப் போகும். அம்மா அங்கே இறங்கி, வந்த வழியே நெடுந்தூரம் நடந்து வருவாள். "வண்டி நம்மளத் தாண்டறப்போ மணி பார்த்தா போதும்" என்றார் அப்பா. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சாலையோர மரங்களில் சிவப்புப் பூக்கள் உதிர்ந்து, சக்கரங்களில் நசுங்கி ஈரமாகக் கிடந்தன. தூரத்தில் மூக்கில்லாத அந்த முகம் தெரிந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்துக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. அவர் மூச்சை விட்டார்.

வண்டி எங்களைத் தாண்டவில்லை. டிங் என்று கேட்டது. எங்களுக்கு எதிரிலேயே நின்றுவிட்டது.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. கடைசி நாள். திரும்பவும் மணி. அவர் சாலையைக் கடந்து ஓடினார், நான் பின்னாலேயே ஓடினேன். ஜன்னல் வழியே உள்ளே தெரிந்தது. வெற்றிலைக்கார அம்மா இருக்கைமேல் ஏறி நின்றிருந்தாள். அவளுடைய துணிப்பை கூரையிலிருந்த மணிக்கயிற்றில் தொங்கியது. சாயங்காலம் பை காலி, கனம் போதாது. அதனால் அவளும் பையைப் பிடித்துக்கொண்டு பாதித் தொங்கலாக நின்றாள்.

"எறங்குங்க சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வூடு இங்கிருக்குது, ஸ்டாண்டு வரைக்கும் போயி எதுக்குத் திரும்பி நடக்கறீங்க?"

கண்டக்டர் வெளியே பார்க்கும் பாவனையில் இருந்தார். "டைம் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு, சார்" என்றார் அப்பாவிடம்.

"கயித்த யாரும்மா இழுத்தது?" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

அவள் பலகையைக் கைகாட்டினாள். அவருடைய எழுத்து, அளவுகோல் வைத்து எழுதியது.

"இழுக்கலீங்க. இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே. மாட்டினேன், அவ்வளவுதான்."

அம்மா படியில் இறங்கினாள். மேலே இரண்டு மணி அடித்தது, வண்டி போனது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து 'பை மாட்டு' என்றால் 'நிறுத்து' என்று அர்த்தம். ஜூனில் பள்ளி திறந்தபோது அம்மா கம்பளிகளை மடித்துப் பச்சைப் பெட்டியில் அடுக்கினாள். நான் காலையில் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போனேன்.